பிள்ளையார் வாகனமும் நம் வாகனமும்

(மதுரையை அடுத்த ஒரு கிராமத்தில் நமது தோழர்கள் கூட்டிய பகுத்தறிவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் எலி. கடவுள், மதம், சாதி, புராணம் என்று பேச வருவார்கள் என எதிர்பார்த்து வந்த உங்களில் சிலருக்கு, எலியைப் பற்றியா பேசுவது என்று சிரிப்பு வரக்கூடும். தாராளமாய்ச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு சற்று யோசித்துப் பாருங்கள். மோட்சம் உண்டா இல்லையா என்கின்ற வாதத்தில் நாம் ஜெயித்தாலும் தோற்றாலும் நாளைக் காலையில் உங்கள் வீட்டில் ஒன்றும் மாறிவிடப் போவதில்லை. எலி விஷயத்தில் அப்படியல்ல. இன்று இரவே அது உங்கள் வீட்டுக்கு வரும். நீங்கள் பகுத்தறிவின்படி நடந்திருந்தால் திரும்பிப் போகும், நடக்காவிட்டால் குடியேறும். ஒரு மனிதனுடைய பகுத்தறிவை ஒரே இரவில் பரீட்சை பண்ணிப் பார்த்துவிடுவதற்கு எலியைப்போல நல்ல பரீட்சகர் வேறு இல்லை என்றே சொல்லுவோம்.

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் என்று இந்த வட்டாரத்தில் எங்கே போனாலும் இப்போது வீட்டு முகப்பில் ஒரு கார் ஷெட்டைப் பார்க்கின்றோம். முன்பு மாட்டுக் கொட்டிலும் வைக்கோல் படப்பும் இருந்த இடம் அது. தவணைக் கடன் வாங்கியாவது ஒரு மோட்டாரை வாங்கி அதிலே நிறுத்துகிறார்கள். சந்தோஷமே! ஆனால் அந்த ஷெட்டுக்குள் மோட்டார் மாத்திரமா இருக்கிறது? விதை நெல் மூட்டை இருக்கிறது. கடலை மூட்டை இருக்கிறது. மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் இருக்கின்றன. உரிக்காத தேங்காய், பழைய சாக்கு, கிழிந்த பாய், பாட்டன் காலத்துக் கட்டில் எல்லாம் இருக்கின்றன. இவ்வளவுக்கும் நடுவிலேதான் மோட்டார் நிற்கிறது.

ஒரு நாள் காலையில் சாவியைத் திருகினால் வண்டி கிளம்பவில்லை. முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் மின்சார ஒயர்கள் கடிபட்டுக் கிடக்கின்றன. எஞ்சின் இடுக்கில் பஞ்சும் கந்தலும் சேர்த்து ஒரு கூடு கட்டியிருக்கிறது. மெக்கானிக் வந்து ஆயிரக் கணக்கில் கேட்கிறார். உடனே வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? "நல்ல நேரம் பார்த்து வண்டி எடுக்கவில்லை" என்கிறார் பெரியவர். "எதிர் வீட்டுக்காரி கண் பட்டுவிட்டது" என்கிறார் அம்மையார். "மருமகள் காலடி வைத்த வேளை" என்கிறார் அத்தை. எலி கடித்ததற்கு மருமகள் என்ன செய்வாள்? ஒயரைக் கடித்த பல் எலியினுடையதாய் இருக்க, பழி மாத்திரம் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. இதுதான் நம் நாட்டு நியாயம்!

பிறகு பரிகாரம் ஆரம்பிக்கிறது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து வண்டிக்கு முன்னால் கட்டுகிறார்கள். ஷெட்டு நிலையில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனம் அப்பி, அவல், பொரி, கடலை படைத்து, மிஞ்சியதை அங்கேயே சிதறவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். எலியை விரட்ட வேண்டிய இடத்தில் எலிக்கு விருந்து வைத்துவிட்டு, திருஷ்டி கழிந்தது என்று நிம்மதியாய்ப் படுத்துக் கொள்ளுகிறார்கள். எலிக்குத் திருஷ்டியும் தெரியாது, எலுமிச்சம்பழமும் தெரியாது. பொரி நன்றாய்த் தெரியும்!

காரணம் எது?

தோழர்களே! எலி ஓரிடத்துக்கு வருவதற்கு மூன்று காரணங்கள்தாம் உண்டு. ஒன்று தீனி, இரண்டு மறைவு, மூன்று வழி. இந்த மூன்றும் எங்கே இருக்கின்றனவோ அங்கே எலி வரும். அந்த வீடு பிராமணர் வீடானாலும் சரி, மற்றவர் வீடானாலும் சரி, நம்மைப் போன்ற சுயமரியாதைக்காரர் வீடானாலும் சரி, அது வித்தியாசம் பாராட்டுவதில்லை. எந்த மனிதனையும்விட எலி சமதர்மவாதி!

இனி அதனுடைய சுபாவத்தைப் பாருங்கள். எலியின் முன்பற்கள் நான்கும் அது சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே எதையாவது கடித்துக் கொறித்துக் கொண்டிருப்பது அதன் பிறவிச் சுபாவம். மோட்டார் ஓடி வந்து நின்றால் எஞ்சின் வெகுநேரம் கதகதப்பாய் இருக்கும். மூடி போட்ட இடம், இருட்டு, சூடு, நாய் பூனை நுழையாத இடுக்கு. குட்டி போட இதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி எலிக்கு எங்கே கிடைக்கும்? சுமார் மூன்று வாரத்தில் ஒரு பிரசவம். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு என்று குட்டிகள். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குட்டிகளும் குட்டி போட ஆரம்பித்துவிடும். வண்டி எடுத்த வேளைக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

எலியிலும் வகை உண்டு. சுண்டெலி கால் அங்குலச் சந்து இருந்தால் நுழைந்துவிடும். வீட்டெலி என்கின்ற கறுத்த எலி நன்றாய் ஏறும்; தென்னை மரத்தின் மேலும், ஒயரின் மேலும், ஓட்டுக் கூரையின் மேலும் ஓடி வந்து மேலே இருந்து இறங்கும். அதற்கு அரை அங்குல ஓட்டை போதும். பெருச்சாளி ஏறாது, தோண்டும். சாக்கடை வழியாகவும் சுவரின் அடியில் வளை பறித்தும் வரும். எந்த எலி என்று தெரிந்தால்தான் எந்த வழி என்று தெரியும். புழுக்கையின் அளவைப் பாருங்கள். சுவரோரத்தில் படிந்திருக்கும் எண்ணெய்க் கறையைப் பாருங்கள். மண் தள்ளியிருக்கும் இடத்தைப் பாருங்கள். சோதிடன் கட்டம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாததை ஒரு டார்ச்சு விளக்கு அரைமணி நேரத்தில் காட்டிவிடும்.

எலிக்கு வக்காலத்து

இவ்வளவு உபத்திரவம் செய்கின்ற பிராணிக்கு நம் மதம் செய்திருக்கும் மரியாதையைப் பாருங்கள். யானைத் தலையும் பெருவயிறும் உள்ள ஒரு கடவுளைக் கற்பித்து, அவரைச் சுமப்பதற்கு ஒரு எலியையும் கற்பித்தார்கள். நம் மதுரைக் கோவிலில் முக்குறுணிப் பிள்ளையாருக்குச் சதுர்த்தியன்று முக்குறுணி அரிசியில், அதாவது 18 படி அரிசியில், கொழுக்கட்டை செய்து படைக்கின்றார்கள். இராஜஸ்தானத்தில் பிகானீருக்குப் பக்கத்தில் தேஷ்நோக் என்கின்ற ஊரில் ஒரு கோவிலில் ஆயிரக் கணக்கான எலிகளைப் பாலும் தானியமும் ஊற்றி வளர்த்து, அவை கொறித்த மிச்சத்தைப் பிரசாதம் என்று வாங்கிச் சாப்பிடுகின்றார்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கடவுளுக்குத் தன் வாகனத்தை அடக்கி வைக்கும் சக்தி இருந்தால் உங்கள் வாகனத்தை அது ஏன் கடிக்கிறது? சக்தி இல்லையென்றால் அவரிடத்தில் முறையிடுவது ஏன்?

"அது ஒரு தத்துவம், ஆசை என்னும் எலியை அறிவு என்னும் யானை அடக்குவதாக அர்த்தம்" என்று படித்த வைதீகர் சொல்லக்கூடும். நல்ல தத்துவந்தான். ஆனால் அதை எலிக்கும் யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டாமா? தத்துவம் தத்துவமாய் இருக்க, நெல் அல்லவா குறைகிறது!

இதிலும் வேடிக்கை ஒன்று இருக்கிறது. எலிக்கு இயற்கையில் உள்ள விரோதிகள் யார்? பூனை, ஆந்தை, பாம்பு. இந்த மூன்றையும் நம் சாஸ்திரம் என்ன செய்து வைத்திருக்கிறது? பூனை குறுக்கே போனால் அபசகுனம். போன காரியம் கெட்டுப் போகும். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும். கூகை என்னும் வெள்ளை ஆந்தை இரவெல்லாம் வயலில் எலி பிடித்துத் தின்று நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறது; அதைக் கண்டால் கல்லை எடுக்கின்றோம். சாரைப் பாம்புக்கு விஷமே கிடையாது. எலி வளைக்குள் புகுந்து குடும்பத்தோடு தீர்க்கக் கூடியது அது. அதைக் கண்ட இடத்தில் அடித்துக் கொன்றுவிட்டு, கல்லில் செதுக்கிய நாகத்துக்குப் பால் ஊற்றுகின்றோம். ஆக, எலியைத் தின்பவையெல்லாம் அபசகுனம். எலி மாத்திரம் தெய்வ வாகனம். எலிகளெல்லாம் ஒன்று கூடி ஒரு வக்கீலை அமர்த்தித் தங்களுக்குச் சாதகமாய்ச் சாஸ்திரம் எழுதச் சொல்லியிருந்தாலும் இதைவிட நன்றாய் எழுதியிருக்க முடியாது.

இன்னும் ஒன்று, தாய்மார்களுக்கு. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கினால் இலட்சுமி போய்விடுவாள் என்று ஒரு விதி. இராச் சாப்பாட்டில் சிந்தின பருக்கையும் மாட்டுக்குக் கரைத்த தவிடும் விடிகிற வரையில் அப்படியே கிடக்கிறது. எலி நடமாடுவதோ இராத்திரி. இலட்சுமி இருக்கிறாளோ இல்லையோ, எலி இருப்பது பிரத்தியட்சம். அன்றியும் காக்கைக்கு என்று மதில்மேல் வைக்கும் சோற்றில் காக்கை தின்றதுபோக மிச்சத்தை இரவில் யார் தின்கிறார்கள் என்று ஒரு நாள் விழித்திருந்து பாருங்கள். உங்கள் முன்னோர்கள் வரவில்லை என்பது தெரிந்துவிடும்.

கொள்ளை நோய் சொன்ன பாடம்

எலியினால் போவது ஒயரும் நெல்லும் மாத்திரமானால் இவ்வளவு தூரம் பேசவேண்டிய அவசியம் இல்லை. உயிர் போயிருக்கிறது.

1896இல் பம்பாயில் பிளேக்கு என்னும் கொள்ளை நோய் வந்தது. அது முதல் சில பத்தாண்டுகளில் இந்த நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அதனால் மாண்டார்கள். நம் பக்கமும் தப்பவில்லை. அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததும், இப்போது தேனி மாவட்டத்தில் இருப்பதுமான கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக்கு வருஷந்தோறும் தலைகாட்டும்படி வேரூன்றி இருந்தது. வீட்டில் எலி செத்து விழுந்தால் ஜனங்கள் ஊரைக் காலி செய்து தோட்டத்தில் குடிசை போட்டுக்கொண்டு தங்குவார்கள். படிப்பறிவில்லாத ஜனங்கள், எலி விழுவதற்கும் மனிதன் விழுவதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அதுதான் பகுத்தறிவு. ஆனால் அதே காலத்தில் இன்னொரு பக்கத்தில் என்ன நடந்தது? கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோவில்கள் கட்டினார்கள். இன்றைக்கும் அவை இருக்கின்றன. நோய் போய்விட்டது; மாரியம்மன் மாத்திரம் தங்கிவிட்டாள்.

நோயைப் போக்கினது யார்? 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் என்பவர் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898இல் கராச்சியில் சிமோண் என்பவர், எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் கிருமியை எலியிடமிருந்து மனிதனிடத்துக்குக் கொண்டு வருகிறது என்று சொன்னார். முதலில் பெரிய டாக்டர்களே அவரை நம்பவில்லை. நம்பாதவர்கள் என்ன செய்தார்கள்? 1905 முதல் பம்பாயில் சோதனை போட்டார்கள். பிளேக்கு கண்ட வீட்டுக்குள் கினிப் பன்றி என்னும் சிறு பிராணிகளைக் கூண்டில் அடைத்து, சில கூண்டுகளைத் தரையோரத்திலும், சில கூண்டுகளைத் தெள்ளுப்பூச்சி தாவி எட்ட முடியாத உயரத்திலும் வைத்தார்கள். கீழே இருந்தவற்றுக்கு நோய் வந்தது. மேலே இருந்தவை தப்பின. வழக்குத் தீர்ந்தது. பெரியவர் சொன்னார் என்று நம்பவும் இல்லை; புதியவர் சொன்னார் என்று தள்ளவும் இல்லை. சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். நாம் மூலைக்கு மூலை நின்று கத்துவதெல்லாம் இந்த ஒரு குணம் நம் ஜனங்களுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான்.

இன்று நம் பக்கத்தில் பிளேக்கு இல்லை. ஆனால் எலிக் காய்ச்சல் இருக்கிறது. எலியின் மூத்திரம் கலந்த ஈரத்திலும் தண்ணீரிலும் வெறுங்காலோடு நடந்தால், காலில் உள்ள புண்ணின் வழியாகவும் வெடிப்பின் வழியாகவும் அதன் கிருமி உள்ளே போய்விடும். கடும் காய்ச்சல், உடம்பு வலி, முக்கியமாய்க் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஆரம்பித்து, கவனிக்காமல் விட்டால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொன்றுவிடும். 1915இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதன் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். இதற்கு மருந்து உண்டு. 2018இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது எலிக் காய்ச்சலைத் தடுக்க அரசாங்கம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது. அந்த மாத்திரையைச் சாப்பிடவேண்டாம் என்று ஒருவர் இயற்கை வைத்தியம் பேசிப் பிரசாரம் செய்தார். அவரைக் கைது செய்ய வேண்டியதாயிற்று. மூடநம்பிக்கை பூணூலோடும் வரும். இயற்கை என்று பெயர் வைத்துக்கொண்டும் வரும். ஆளைப் பார்க்காதீர்கள், ஆதாரத்தைப் பாருங்கள். ஈரமான ஷெட்டில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எலி நடமாடும் இடத்தில் வேலை செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

புதுக்கால மந்திரங்கள்

மந்திரத்தை விட்டுவிட்டோம் என்று சொல்லுகிற படித்த கூட்டத்தாரிடம் வேறு மந்திரம் இருக்கிறது. மின்சாரச் சுவிட்சில் சொருகினால் மனிதன் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். 2001இல் அமெரிக்க அரசாங்கத்தின் வியாபாரக் கண்காணிப்பு இலாகா இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்கிறவர்களும் விற்கிறவர்களுமான 60க்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு, விஞ்ஞான ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கை அனுப்பிற்று. தாயத்து விற்பவன் மலையாளத்து மாந்திரீகம் என்பான். இவன் ஜெர்மன் டெக்னாலஜி என்பான். இரண்டிலும் நம் பணந்தான் போகிறது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய மந்திரம் விஷம். ஓட்டையை அடைக்கவேண்டாம், மூட்டையை நகர்த்தவேண்டாம், குப்பையை வாரவேண்டாம், கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துவிட்டால் விடிந்தால் எலி இராது என்று நினைப்பதற்கும், புரோகிதனுக்குத் தட்சணை கொடுத்துவிட்டால் பாவம் போய்விடும் என்று நினைப்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் காரணத்தைத் தொடாமல் பலனை மாத்திரம் எதிர்பார்ப்பதுதான் இருக்கிறது. நாலு எலி செத்தால் அந்த இடத்துக்குப் பக்கத்து வயலிலிருந்து எட்டு எலி வரும். தீனியும் மறைவும் வழியும் அப்படியேதானே இருக்கின்றன!

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று பழமொழி சொல்லுவார்கள். விஷத்தின் கதை அதுதான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை என்று ஒன்று பெட்டிக் கடையிலெல்லாம் விற்றது. அதைத் தின்றவருக்கு முறிமருந்து கிடையாது. தின்ற ஓரிரு நாள் ஒன்றும் இல்லாததுபோல் இருந்து, "பிழைத்துவிட்டான்" என்று வீட்டார் நினைத்திருக்கும்போதே கல்லீரல் அழுகிச் சாவான். எத்தனையோ பெண்களும் பிள்ளைகளும் ஒரு நிமிஷக் கோபத்தில் அதை எடுத்துத் தின்று போயிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசாங்கம் 2022இல் அதைத் தடை செய்ய முன்வந்தது இதனால்தான். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலி ஒழிப்புக் கம்பெனி ஆட்கள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஏ.சி. போட்டு மூடிய அறையில் படுத்திருந்த அந்தக் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்து போயின. தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எலிக்கு வைத்தது எலியை மாத்திரந்தான் கொல்லும் என்பது நாமாகச் செய்துகொண்ட கற்பனை. விஷம் தின்ற எலியைத் தின்ற ஆந்தையும் பூனையும் சாகும். விஷத்துக்கு எலி யார், குழந்தை யார் என்கின்ற பேதம் தெரியாது.

விஷத்தை யாரும் எந்தக் காலத்திலும் தொடக்கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. தானியக் கிடங்கிலும் வயலிலும் தெரிந்தவர்கள் முறைப்படி வைக்கவேண்டிய சமயம் இருக்கலாம். குழந்தை விளையாடுகிற வீட்டில், ஜன்னலில்லாத ஷெட்டில், என்ன பெயர் என்று தெரியாத கறுப்புப் பொடியை வடையில் தடவி வைப்பதைத்தான் வேண்டாம் என்கின்றோம். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுத்துவிட்டான், சரியாகிவிட்டது என்று உட்கார்ந்திராமல், 108க்குச் சொல்லி அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செய்ய வேண்டியது

பின் என்னதான் செய்யச் சொல்லுகிறீர்கள் என்று கேட்பீர்கள். சொல்லுகிறோம். இதற்கு நல்ல நாள் பார்க்கவேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலாவது, ஷெட்டில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தீனி எதுவும் அங்கே இருக்கக்கூடாது. நம் பாட்டன்மார் நெல்லைக் குலுக்கையிலும் குதிரிலும் கொட்டி வாயை மூடி வைத்தார்கள்; அது மூடத்தனமல்ல, நல்ல அறிவு. பழையது எல்லாம் கெட்டது என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. காரணம் கேட்டால் பதில் சொல்லக்கூடிய பழையதை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். இன்று குலுக்கை இல்லாவிட்டால் மூடியுள்ள தகர டிரம் இருக்கிறது. மூட்டையாகத்தான் வைக்கவேண்டுமென்றால் தரையை விட்டு ஒரு முழம் உயரத்தில், சுவரைத் தொடாமல், பலகை போட்டு அடுக்குங்கள். அடியில் பார்வை போகவேண்டும். பார்வை போகிற இடத்தில் எலி தங்காது. கந்தல், அட்டைப் பெட்டி, பழைய காகிதம் ஆகியவற்றைக் கழித்துக் கட்டுங்கள்.

இரண்டாவது, சுத்தம் செய்கிற முறை. காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் அப்படியே பெருக்காதீர்கள்; தூசியோடு கிருமியும் மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டுப் பிறகு ஈரத் துணியால் வழித்தெடுங்கள். கையில் உறை, காலில் செருப்பு அவசியம். இந்த வேலையைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து எலியை ஒழிப்பது எப்படி என்று பேசுவது சுயமரியாதை ஆகாது.

மூன்றாவது, வழியை அடைப்பது. இதுதான் முக்கியம். பகலில் ஷெட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் எலி வரும். சின்ன ஓட்டையில் பாத்திரம் துலக்குகிற இரும்பு நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். வெறும் மண்ணும் துணியும் அதன் பல்லுக்கு நிற்காது. சுவரடியில் உள்ள வளைக்குக் கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டைப் போடுங்கள். ஜன்னலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். சாக்கடைக் குழாய் வாயில் இரும்புச் சல்லடை வையுங்கள். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குத் தகரப் பட்டை அடியுங்கள். கூரைமேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையையும் தென்னை மட்டையையும் வெட்டி விலக்குங்கள்.

நான்காவது, உள்ளே மாட்டிக் கொண்டிருப்பவைகளுக்குப் பொறி. எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் கிட்டே வராது. ஆகையால் பொறியை வாங்கின அன்றே நாண் ஏற்றாமல், இரண்டு மூன்று நாள் வெறுமனே தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துத் தின்னப் பழக்குங்கள். பிறகு ஏற்றுங்கள். நடு ஷெட்டில் வைத்துப் பயனில்லை. எலி சுவரை ஒட்டியே ஓடும். பொறியின் வாய் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்று வைத்துக் காத்திருப்பதைவிட ஆறு வைத்து ஒரே வாரத்தில் முடிப்பது மேல். பசை தடவிய அட்டை வேண்டாம். அதில் ஒட்டிக்கொண்ட எலி இரண்டு நாள் கத்திச் சாகிறது. பிராணியை ஒழிக்கவேண்டி வந்தாலும் வதைக்கவேண்டிய அவசியம் இல்லை. ஜீவகாருண்யம் பேசுகின்ற நண்பர்களுக்கும் இதையே சொல்லுகிறோம்: ஓட்டையை முதலிலேயே அடைத்துவிட்டால் கொல்லவேண்டிய வேலையே குறைந்துபோகும். சிமெண்டைவிடப் பெரிய ஜீவகாருண்யம் இதில் இல்லை.

ஐந்தாவது, மோட்டாரை நாட்கணக்கில் அசையாமல் போட்டு வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தரமாவது மூடியைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள். வண்டிக்குள் தின்பண்டம் விட்டு வைக்காதீர்கள். ஆயுதத்துக்குச் செய்யக்கூடிய மெய்யான பூசை அதுதான்.

எலி பிடிக்கும் மனிதன்

முடிப்பதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் ஜில்லாக்களில் இருளர் என்கின்ற ஜனங்கள் வயலில் எலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார்கள். மண்ணைப் பார்த்தே வளைக்குள் எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்லக் கூடியவர்கள். எந்த வாய் புகுவாய், எந்த வாய் தப்பும் வாய் என்பது அவர்களுக்குத் தெரியும். பானையில் வைக்கோலைப் போட்டுப் புகைத்து, வளை வாயில் வைத்து, வாயால் ஊதி ஊதி உதடும் நெஞ்சும் வெந்து அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த நெல்லைத்தான் மேல்சாதியார் என்பவர்கள் பொங்கித் தின்றார்கள். தின்றுவிட்டு அவர்களை எலி தின்னிகள் என்று இழித்துப் பேசினார்கள். எலி சுமந்து வரும் கடவுளுக்குக் கோவில். எலியை ஒழித்துத் தரும் மனிதனுக்கு ஊருக்கு வெளியே குடிசை! பிரத்தியட்ச அனுபவத்தால் வந்த அறிவு அவர்களுடையது. அது எந்த வேதத்துக்கும் தாழ்ந்ததல்ல. உங்கள் வீட்டுக்கோ வயலுக்கோ எலி பிடிக்க ஒருவர் வந்தால் மரியாதையாய் அழைத்து, நாற்காலி போட்டு, கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். செத்த எலியை எடுத்துப் புதைக்க மாத்திரம் இன்ன சாதியான் வரவேண்டும் என்று காத்திருக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு நீங்களே புதையுங்கள்.

தோழர்களே! ஒரு வீட்டுக்காரர் மாத்திரம் ஓட்டையை அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும். தெரு முழுவதும் அடைத்தால்தான் ஊரை விட்டுப் போகும். ஊர் கூடித் தேர் இழுக்கிறீர்கள். வடம் பிடிக்க நூற்றுக் கணக்கான பேர் வருகிறீர்கள். அதில் பாதிப்பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தத் தெருவின் சாக்கடைக்கு மூடி போட்டு, குப்பை மேட்டை அப்புறப்படுத்தினால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இவ்வூர்த் தோழர்கள் மண்வெட்டியோடும் சிமெண்டு மூட்டையோடும் இதே இடத்தில் நிற்பார்கள். ஆஸ்திகர், நாஸ்திகர் என்று நாங்கள் யாரையும் கேட்கப் போவதில்லை, எலியும் கேட்பதில்லை. நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். ஒரு மாதம் செய்து பாருங்கள். ஓட்டையை அடைத்த வீட்டிலும், எலுமிச்சம்பழம் கட்டிய வீட்டிலும் தரையில் கொஞ்சம் மாவைத் தூவி வைத்துக் காலடியை எண்ணிப் பாருங்கள். எந்த வீட்டில் காலடி இல்லையோ அந்த வீட்டு வழியே சரியான வழி என்று ஒப்புக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.